தண்ணீரே கட்டிய அணைகள்: பிளிட்விச் ஏரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோவேசியாவின் பிளிட்விச் ஏரிகளைப் படத்தில் பார்த்தவர்கள் முதலில் கேட்பது, "அந்த நிறம் நிஜம்தானா?" என்றுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் நிறத்தைவிட வியப்பான சங்கதி, அந்த ஏரிகளைத் தேக்கி நிற்கும் சுவர்கள். அவற்றை மனிதர் யாரும் கட்டவில்லை. தண்ணீரும் பாசியும் சேர்ந்து கட்டின, இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன. அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பிளிட்விச் எங்கே இருக்கிறது?

குரோவேசியாவின் நடுப்பகுதியில், போஸ்னியா எல்லைக்குப் பக்கத்தில், காடு சூழ்ந்த மலைப்பகுதியில் இருக்கிறது. தலைநகர் சாக்ரெப்பிலிருந்து கடற்கரை நகரமான சாதாருக்குப் போகும் பழைய சாலை இதன் ஓரமாகத்தான் போகிறது. 1949 ஏப்ரல் 8 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா இதுதான். 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 297 சதுர கிலோமீட்டர். அதில் ஏரிகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி காடு. கரடி, ஓநாய், லின்க்ஸ் பூனை எல்லாம் அங்கே உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த ஒரு சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எத்தனை ஏரிகள்?

பெயர் வைக்கப்பட்டவை 16. மேலே 12, கீழே 4. எல்லாம் படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. உச்சியில் இருக்கும் புரோஷ்சான்ஸ்கோ ஏரி கடல்மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரத்தில். கடைசியான நோவகோவிச்சா புரோட் 503 மீட்டரில். இடையே 133 மீட்டர் இறக்கம். ஒவ்வொரு படியிலும் ஒரு சுவர், சுவரைத் தாண்டி ஓர் அருவி.

தண்ணீர் பாறையை அரிக்கும் என்றுதானே படித்தோம்? இங்கே எப்படிப் பாறையைக் கட்டுகிறது?

இரண்டையும் செய்கிறது. முதலில் அரிக்கிறது, பிறகு அரித்ததையே வேறோர் இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. சோடா மாதிரி லேசான அமிலத்தன்மை வந்துவிடுகிறது. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அமிலம் ஏறிய நீர் பாறையின் விரிசல்களில் இறங்கி, கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாது. கையில் அள்ளினால் பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீர்தான்.

இந்தச் சுண்ணாம்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைத்திருப்பது கரியமில வாயு. அது போய்விட்டால் சுண்ணாம்பும் தங்காது. சோடா பாட்டிலைத் திறந்து நன்றாகக் குலுக்கினால் வாயு சீறிக்கொண்டு வெளியேறும் அல்லவா? ஓடை கல்லில் மோதி, தெறித்து, நுரைத்து விழும் இடத்திலும் அதேதான் நடக்கிறது. வாயு காற்றில் கலந்துவிட, தண்ணீரால் சுண்ணாம்பைச் சுமக்க முடியாமல் போகிறது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அதன்மேல் படியவிடுகிறது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுவும் இதே சரக்குதான். அங்கே சூடு வாயுவை விரட்டுகிறது, இங்கே தெறிப்பு விரட்டுகிறது.

அப்படியானால் ஊற்று வாயிலேயே படிந்திருக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. படிவதில்லை. வெள்ளை ஆறு, கருப்பு ஆறு என்று இரண்டு சிற்றாறுகள் சேர்ந்து மட்டிட்சா என்ற ஓடையாகி, புரோஷ்சான்ஸ்கோ ஏரியில் விழுகின்றன. இவற்றின் ஊற்றுக்கண்ணில் சுண்ணாம்புப் படிவு இல்லை. அங்கே நீரில் இன்னும் கரியமில வாயு நிறைய இருக்கிறது. வெளியே வந்து கொஞ்ச தூரம் ஓடி, வாயு கழன்று, காரத்தன்மை ஏறி, பிஎச் அளவு (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8-ஐத் தாண்டிய பிறகுதான் படிவு தொடங்கும். நீரில் கரைந்த கரிமப் பொருள் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. இலைதழை ஊறிப் பழுப்பேறிய தண்ணீரில் சுண்ணாம்புப் படிகம் சரியாக வளராது. அந்தக் கரிமப் பொருள் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும்.

ஆக, சுண்ணாம்பு இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், ஓட வேண்டும், விழ வேண்டும். உலகில் சுண்ணாம்புப் பாறை எத்தனையோ இடங்களில் இருக்கிறது. பிளிட்விச் மாதிரி இடங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாசிக்கு இதில் என்ன வேலை?

பாதி வேலை அதனுடையது என்றே சொல்வேன். தண்ணீரில் சுண்ணாம்பு அளவுக்கு மீறி இருந்தாலும், படிகம் உருவாக ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தைத் தருவது உயிர்கள்.

அருவி விழும் விளிம்பில் மாஸ் வகைச் செடிகள் (ஈரச் சுவரில் பச்சையாகப் படர்வதை நாம் பாசி என்போமே, அந்தக் குட்டிச் செடிகள்) மெத்தை மாதிரி அடர்ந்து வளர்கின்றன. அவற்றின் தண்டிலும் இலையிலும் நீலப்பச்சைப் பாசிகளும் டயாட்டம்கள் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசிகளும் குடியேறுகின்றன. இவை வழவழப்பான பசையைச் சுரக்கும். விரலால் தொட்டால் கொழகொழவென்று இருக்குமே, அதுதான். நீரில் மிதந்துவரும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய படிகத்தின் மேல் அடுத்த படிகம் வளர்கிறது. போதாக்குறைக்கு, செடியும் பாசியும் ஒளிச்சேர்க்கைக்காகச் சுற்றியுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் படிவு இன்னும் துரிதமாகிறது.

கொஞ்ச நாளில் செடியின் அடிப்பாகம் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. அது என்ன செய்யும்? நுனியில் வளர்ந்து மேலே வருகிறது. அடி கல், நுனி பச்சை. அந்த நுனியிலும் படிவு ஏறுகிறது, செடி இன்னும் மேலே வருகிறது. உள்ளே புதைந்த தண்டு அழுகிப்போனதும் அது இருந்த இடம் குழலாக நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தப் பாறையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கிறது. குரோவேசிய மொழியில் இதற்கு செட்ரா என்று பெயர். நிலவியலாளர்கள் டூஃபா என்பார்கள்.

இந்தச் சுவர்கள் வெறும் கல் அல்ல, செடிகளோடு சேர்ந்து வளர்பவை என்பதை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்துச் சொன்னவர் குரோவேசியத் தாவரவியலாளர் இவோ பெவாலெக். எந்த வகை மாஸ் வளர்கிறதோ அதைப் பொறுத்து டூஃபாவின் அமைப்பும் மாறுகிறது என்று அவர் வகைபிரித்துக் காட்டினார். பாறையைச் செடியின் பெயரால் அழைப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சிறு படிவு எப்படி ஓர் ஏரியைத் தேக்கும் சுவராகிறது?

ஓடையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டும் இடத்தில் நீர் ஆழம் குறைந்து, வேகம் கூடி, தெறிக்கிறது. தெறிக்கும் இடத்தில் வாயு கழன்று படிவு ஏறும் என்று பார்த்தோம். அதனால் அந்த விளிம்பு ஓடையின் மற்ற இடங்களைவிட வேகமாக உயர்கிறது. விளிம்பு உயர்ந்தால் வீழ்ச்சியும் உயரும், தெறிப்பும் கூடும், படிவும் கூடும். தன்னைத் தானே தூக்கிவிட்டுக்கொள்ளும் சுவர். அதற்குப் பின்னால் நீர் தேங்கித் தேங்கி ஏரியாகிறது.

இந்த வளர்ச்சி ஏரிகளின் கணக்கையே மாற்றிவிடும். பிளிட்விச்சின் மிகப் பெரிய ஏரி கோஸ்யாக், 80 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அதன் அடியில் ஒரு பழைய டூஃபா சுவர் மூழ்கிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அங்கே மேலும் கீழுமாக இரண்டு ஏரிகள் இருந்தன. கீழ் ஏரியின் சுவர், மேல் ஏரியின் சுவரைவிட வேகமாக வளர்ந்தது. நீர்மட்டம் ஏறி ஏறிக் கடைசியில் மேல் சுவரை முழுங்கிவிட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மின்சாரப் படகு போகும் அந்த அமைதியான நீர்ப்பரப்புக்குக் கீழே தண்ணீரில் மூழ்கிய ஓர் அருவி இருக்கிறது.

மேல் ஏரிகளும் கீழ் ஏரிகளும் பார்க்க வேறு மாதிரி இருப்பது ஏன்?

அடியில் இருக்கும் பாறை வேறு. மேல் ஏரிகள், சுண்ணாம்புப் பாறையிலேயே மக்னீசியம் கலந்த வகையான டாலமைட் பாறையின்மேல் இருக்கின்றன. அது நீரை எளிதில் உள்ளே விடாது. அதனால் ஏரிகள் அகலமாக, சரிவான கரையோடு, காடு நீர்வரை இறங்கி வரும்படி இருக்கின்றன. கீழ் ஏரிகளான மிலானோவாட்ஸ், கவானோவாட்ஸ், கலுஜெரோவாட்ஸ், நோவகோவிச்சா புரோட் நான்கும் சுண்ணாம்புப் பாறையை அறுத்துப்போன ஒடுக்கமான பள்ளத்தாக்கில் உள்ளன. இருபுறமும் செங்குத்துச் சுவர், குகைகள். சுண்ணாம்புப் பாறை சல்லடை மாதிரி. கீழ் ஏரிகளிலிருந்து புறப்படும் கொரானா ஆறு, கோடையில் சில இடங்களில் நிலத்துக்குள் நழுவிக் காணாமல் போய்விடுவது அதனால்தான்.

பெரிய அருவி எந்த ஏரியிலிருந்து விழுகிறது?

எந்த ஏரியிலிருந்தும் இல்லை! வெலிகி ஸ்லாப், அதாவது பெரிய அருவி, 78 மீட்டர் உயரம். குரோவேசியாவிலேயே உயரமான அருவி இதுதான். ஆனால் இதற்கு நீர் தருவது பிளிட்விட்சா என்ற தனி ஓடை. பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து அது குதிக்கிறது. கீழே ஏரிகளின் நீரும் இந்த ஓடையும் சேரும் இடத்துக்கு சஸ்தவ்ட்ஸி என்று பெயர். "சங்கமம்" என்றுதான் பொருள். கொரானா ஆறு அங்கேதான் பிறக்கிறது. மழையில்லாத கோடையில் பெரிய அருவி மெலிந்து நூலாகிவிடும். அதைப் பார்த்து ஏமாந்தேன் என்று எழுதுகிறவர்கள் வசந்த காலத்தில் போயிருக்க வேண்டும்.

அந்த நீலப்பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது?

சாயமும் இல்லை, படத்தில் கூட்டிய நிறமும் இல்லை. நீர் மிகவும் தெளிவு. அதில் மிதக்கும் சுண்ணாம்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஏரியின் அடியில் வெண்ணிறச் சுண்ணாம்புச் சேறு விரித்திருக்கிறது. இவற்றோடு ஆழம், வெயிலின் கோணம், வானத்தின் நிலை, பாசியின் அளவு எல்லாம் சேர்ந்து ஒரே ஏரி காலையில் ஒரு நிறமும் மாலையில் இன்னொரு நிறமுமாகத் தெரியும். கோஸ்யாக்கின் ஆழம் 40 மீட்டருக்கு மேல், அதனால் நடுவில் கருநீலம். ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் பச்சை.

இந்தச் சுவர்களுக்கு என்ன வயது? எவ்வளவு வேகமாக வளர்கின்றன?

இப்போது நிற்கும் சுவர்கள் கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு வந்தவை. சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. நிலவியல் கணக்கில் இது நேற்று நடந்தது. அதே வட்டாரத்தில் காய்ந்துபோன பழைய டூஃபாத் திட்டுகளும் உண்டு. அவை முந்தைய வெப்பக் காலங்களில் உருவானவை, லட்சக்கணக்கான ஆண்டுகள் பழையவை. குளிர் முற்றினால் செடி வளராது, படிவு நின்றுபோகும். வெப்பம் திரும்பினால் வேலை மறுபடி தொடங்கும்.

வேகம் இடத்துக்கு இடம் மாறும். சாதகமான இடத்தில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் ஏறலாம். கல்லுக்கு இது அசுர வேகம். குளிர்காலத்தில் குறையும், கோடையில் கூடும்.

டூஃபாவும் டிராவர்டைனும் ஒன்றா?

இரண்டும் நீரில் படிந்த சுண்ணாம்புக் கல்தான். குளிர்ந்த நீரில், செடிகளோடு சேர்ந்து, துளைதுளையாகப் படிவதை டூஃபா என்றும், வெந்நீர் ஊற்றுகளில் கெட்டியாகப் படிவதை டிராவர்டைன் என்றும் பிரிப்பது வழக்கம். துருக்கியின் பமுக்கலேயில் இருப்பது இரண்டாவது வகை. ஆனால் பிளிட்விச் பற்றி எழுதும்போது பலரும் டிராவர்டைன் என்றே எழுதிவிடுகிறார்கள். சண்டை போடத் தேவையில்லை.

இந்தச் சுவர்கள் உடையுமா?

உடையும். துளைகள் நிறைந்த கல் இது, பலம் குறைவு. மேலே நடந்தாலே நொறுங்கும். அதனால்தான் பூங்காவில் மரப்பலகைப் பாதைகள் போட்டிருக்கிறார்கள், அவற்றைவிட்டு இறங்கக்கூடாது என்கிறார்கள். வெள்ளம் ஒரு துண்டைப் பெயர்த்தெடுக்கலாம். சுவரின்மேல் முளைக்கும் மரங்களின் வேர் பிளக்கலாம். நீரோட்டம் திசைமாறி ஒரு பகுதி காய்ந்துபோனால் அங்கே மாஸ் செத்துவிடும், பிறகு அந்தப் பகுதி வளராது, உதிரத் தொடங்கும்.

பெரிய அளவில் உடைந்தால் எப்படியிருக்கும் என்பதற்குச் சீனாவின் ஜியுஜாய்கோ பள்ளத்தாக்கு உதாரணம். அங்கும் இதே மாதிரிப் படிவுச் சுவர்கள், ஏரிகள். 2017 ஆகஸ்ட் 8 நிலநடுக்கத்தில் ஓர் ஏரியின் சுவர் உடைந்து நீர் வடிந்துவிட்டது. புகழ்பெற்ற நுவோரிலாங் அருவியின் ஒரு பகுதியும் சரிந்தது.

ஏரியில் குளிக்கலாமா?

கூடாது. 2006 முதல் தடை. கால் நனைப்பதும் சேர்த்துத்தான்.

"ஒரு ஆள் குளித்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2017-இல் மட்டும் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். அந்த ஒரு ஆளை 17 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். உடம்பில் பூசிய வெயில் களிம்பு, வியர்வை, காலால் கலக்கிய சேறு எல்லாம் தண்ணீரில் இறங்கும். மிதித்த இடத்தில் பாசியும் போகும், கல்லும் போகும்.

வேறு என்ன ஆபத்துகள்?

தண்ணீரின் தரம்தான் முதல் கவலை. கழிவுநீரோ உரமோ கலந்தால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடும். செடிகொடிகள் கண்டபடி வளர்ந்து ஆழமற்ற பகுதிகளை மூடும். பாஸ்பரஸ் சுண்ணாம்புப் படிகம் வளர்வதையும் தடுக்கும். சுவர் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும், ஆனால் வளர்ச்சி நின்றிருக்கும். ஊற்றுநீரை அதிகம் இறைத்தாலும் சிக்கல்தான். ஏரிகளை மட்டும் வேலிபோட்டுக் காப்பாற்ற முடியாது. மழை விழும் மலை, அதன்மேல் உள்ள காடு, நிலத்தடி ஓட்டம் எல்லாவற்றையும் காக்க வேண்டும். 2000-இல் உலகப் பாரம்பரிய எல்லையை விரிவாக்கியபோது நீர்ப்பிடிப்புப் பகுதியையும் சேர்த்ததை இதோடு பொருத்திப் பார்க்கலாம்.

இவை போதாதென்று, யுகோஸ்லாவியாவிலிருந்து குரோவேசியா பிரிந்தபோது ஒரு போரும் நடந்தது. 1991 மார்ச் 31 அன்று பிளிட்விச்சில் நடந்த மோதலில்தான் குரோவேசியப் போரின் முதல் உயிர்கள் பலியாயின. 1992 முதல் 1997 வரை இந்தப் பூங்கா, ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியங்களின் பட்டியலில் இருந்தது. போர் நடந்த காலத்தில் அருவிகள் பார்க்க ஆளில்லாமல் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

புரோஷ்சான்ஸ்கோ ஏரியைப் பற்றி ஏதோ கதை உண்டாமே?

கருப்பு ராணி கதை. பெரும் பஞ்சம், ஆறு வறண்டு, மக்கள் மழைக்காக மன்றாடினார்கள். கருப்பு ராணி இரங்கி, பேய்மழை பெய்வித்து ஏரிகளை நிரப்பினாள். மன்றாடல் என்ற பொருள்தரும் சொல்லிலிருந்து ஏரிக்குப் பெயர் வந்தது என்பார்கள். மழையிலிருந்து ஏரி வந்தது என்ற அளவில் கதையும் வேதியியலும் ஒத்துப்போகின்றன.

வேறு எங்கே இப்படிப் பார்க்கலாம்?

குரோவேசியாவிலேயே கிர்கா ஆறு இருக்கிறது. சீனாவில் ஜியுஜாய்கோவும் ஹுவாங்லோங்கும். லாவோஸில் குவாங் சி அருவி. ஆப்கானிஸ்தானில் பந்த்-எ-அமீர், வறண்ட மலைகளுக்கு நடுவே ஆறு ஏரிகள், 2009-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. மரமே இல்லாத நிலப்பரப்பில் அந்த நீலத்தைப் பார்ப்பது வேறுவிதமான அனுபவம்.

போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லாரும் அருவியை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் பலகைப் பாதையில் குனிந்து, கரையோரத் தண்ணீருக்குள் பாருங்கள். விழுந்து கிடக்கும் கிளைகள் தெரியும். புதிதாக விழுந்தது பழுப்பாக இருக்கும். கொஞ்சம் பழையதன்மேல் மாவு தூவினாற்போல வெள்ளை. இன்னும் பழையது விரல் தடிமனுக்குக் கல்லுறை போர்த்திக்கொண்டு, இது மரமா கல்லா என்று சொல்ல முடியாதபடி கிடக்கும். அருவியின் ஓரத்தில் மாஸ் மெத்தை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதன் நுனியைப் பாருங்கள், பச்சையாக இருக்கும். அங்கிருந்து கண்ணைக் கீழே இறக்கினால் பச்சை மங்கி, மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகி, கல்லாகியிருக்கும். எந்த இடத்தில் செடி முடிந்து பாறை தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட உங்களால் முடியாது.

ஒரு சின்னக் கல்லை நினைவாக எடுத்துவரலாமா?

கூடாது.